அப்பா போய் நாற்பது நாள்: எதற்கு அவசரம், எதற்கு இல்லை

தம்பி, உங்கள் கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும். உங்களுக்கு 38 வயது, சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. கும்பகோணத்தில் இருந்த அப்பா, ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், நாற்பது நாளைக்கு முன் தவறிவிட்டார். 66 வயது அம்மா தனியாக இருக்கிறார். தங்கை கோயம்புத்தூரில். வீட்டுக்கு ஒரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது, அட்வான்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார் பெரியப்பா. அப்பா கணக்கில் இருக்கும் 14 லட்சத்தைப் பற்றிப் பேச ஒருவர் இரண்டு முறை வந்துவிட்டார். நீங்களோ வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். கடைசியில், "இந்த மனநிலையில் நிதானமாக முடிவெடுப்பது எப்படி சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மனநல மருத்துவன் இல்லை. 31 வருஷம் வங்கியில் இருந்தேன், பெரும்பாலும் டெல்டா கிளைகளில். சாவுக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அவர்கள் போட்ட கையெழுத்துகளில் எவை பின்னால் அழ வைத்தன, எவை காப்பாற்றின என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு தகுதியும் உண்டு. என் அப்பா போன ஒன்பதாம் நாள், அவர் அறையைப் பார்க்கத் தாங்காமல், அலமாரியைக் காலி செய்து டைரிகளை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். முப்பது வருஷ டைரி. எடைக்கு என்ன கொடுத்தார் என்று கூட நினைவில்லை. அன்று சாயங்காலம் மனசு லேசாக இருந்தது, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மூன்று மாதம் கழித்து, அப்பா யாருக்குக் கைமாற்று கொடுத்தார், நிலத்தின் தாய்ப் பத்திரம் (பழைய மூலப் பத்திரம்) யாரிடம் இருக்கிறது என்று தேடும்போதுதான், அதெல்லாம் அந்த டைரிகளில் இருந்தது உறைத்தது. அடுத்தவர்களுக்கு நாள் பூரா "பொறுமையாகச் செய்யுங்கள்" என்று சொல்கிற ஆள் செய்த காரியம் இது.

அன்று சாயங்காலம் வந்ததே அந்த லேசு, அதில்தான் விஷயம் இருக்கிறது. துக்கத்தில் முடிவெடுப்பது வலி மாத்திரை மாதிரி வேலை செய்யும். "வீட்டை விற்றுவிடலாம்" என்று சொன்ன அந்த நிமிஷம் நெஞ்சில் இருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும். முடிவு சரியாக இருந்ததால் இறங்கியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஏதோ ஒன்றை முடித்துவிட்டோம் என்பதால் இறங்கியது அது. ஆகவே எந்த யோசனை வந்தாலும் உங்களையே கேளுங்கள்: இது இப்போது முடிவு செய்தே ஆக வேண்டிய விஷயமா, இல்லை முடிவு செய்தால் எனக்கு இன்று ராத்திரி தூக்கம் வரும் என்பதால் செய்கிறேனா?

இது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள். 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு நம் பக்கத்து ஊர்களில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை சுற்று வட்டாரத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை எடுத்துக்கொண்டு, வெட்டுக்கு முன் கை காய்ந்திருக்கும் காலத்தில் ஒரு தடவை, வெட்டு முடிந்து பணம் வந்த பின் ஒரு தடவை, ஒரே மாதிரியான புத்திப் பரீட்சைகளை வைத்தார்கள். அதே ஆட்கள்தான். பணம் வந்த பிறகு கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள், வேகமாகச் சொன்னார்கள், தவறும் குறைந்தது. கரும்பை எப்போது வெட்டலாம் என்று ஆலை கட்டிங் ஆர்டர் கொடுப்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், பருவ காலத்தின் வேலை இது என்றும் தள்ளிவிட முடியவில்லை. கவலை மண்டைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் மிச்சத்துக்கு இடம் குறைகிறது. அவர்களுக்குப் பணக் கவலை, உங்களுக்கு வேறு. தலைக்குள் நெருக்கடி என்னவோ ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்று இருவர் 1967இல் ஒரு பட்டியல் போட்டார்கள். வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு, மனிதனை அவை எவ்வளவு உலுக்கும் என்று மதிப்பெண். கணவன் அல்லது மனைவியின் சாவு 100. நெருங்கிய உறவின் சாவு 63. வேறு வகைத் தொழிலுக்கு மாறுவது 36, வீடு மாறுவது 20. பட்டியல் பழையது, கரடுமுரடானது, அமெரிக்கக் குடும்பத்தை மனதில் வைத்தது. எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: நல்ல மாற்றத்துக்கும் அதில் மதிப்பெண் உண்டு, கல்யாணத்துக்கு 50. இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். உங்கள் கணக்கில் 63 விழுந்திருக்கிறது, அதன் மேல் வேலை மாற்றத்தையும் ஊர் மாற்றத்தையும் நீங்களே கூப்பிட்டு உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள். அம்மா கணக்கிலோ ஏற்கெனவே 100. அவர் தலையில் வீட்டு விற்பனையும் புது ஊரும்.

நம் ஆட்கள் மதிப்பெண் போடவில்லை, வழக்கம் ஒன்றை வைத்தார்கள். "வருஷம் திரும்பட்டும்." தலைத் திவசம் முடிகிற வரை அந்த வீட்டில் பண்டிகை இல்லை, புது வீடு குடிபோவதில்லை, நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. தீட்டு என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். காரணத்தை நீங்கள் நம்ப வேண்டாம், பலனை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் வாயை அடைக்க இதைவிட வசதியான வார்த்தை கிடையாது. "யோசித்துச் சொல்கிறேன்" என்றால் நாளைக்கே திரும்ப வருவார்கள். "வருஷம் திரும்பட்டும் பெரியப்பா" என்றால் எந்தப் பெரியப்பாவும் மேலே பேச முடியாது. (இதே வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சில குடும்பங்களில் "வருஷத்துக்குள் பெண்ணுக்குக் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும்" என்று தலைகால் புரியாமல் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அந்த அவசரத்தில் போன பெண்களையும் எனக்குத் தெரியும். வழக்கத்தில் நமக்கு ஆகிறதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.)

சரி, நிஜமாகவே அவசரமானவை எவை? சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், கொஞ்சம்தான். எல்லாமே சலிப்பான காகித வேலை. யாரும் வந்து உங்களை வற்புறுத்த மாட்டார்கள்.

முதலாவது, அப்பாவின் ஓய்வூதியம். அவர் இறந்ததைக் கருவூலத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் மாதா மாதம் பணம் ஏறிக்கொண்டிருக்கும், பின்னால் திரும்பப் பிடிப்பார்கள். அப்பாவின் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். "செலவுக்குத்தானே எடுத்தோம்" என்பது அப்புறம் செல்லாது. அதோடு சேர்த்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம், ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கான விண்ணப்பம். இதைத் தள்ளிப்போட்டால் அம்மா ஒவ்வொரு மாதமும் உங்கள் கையை எதிர்பார்க்கிற நிலை வரும். அவருக்கென்று ஒரு வருமானம் அவர் பெயரில் வந்துவிட்டால், வீட்டைப் பற்றி அவர் பேசுகிற பேச்சே மாறும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இறப்புப் பதிவை 21 நாளுக்குள் செய்திருக்க வேண்டும், செய்திருப்பீர்கள். சான்றிதழ் நகல் நிறைய வேண்டியிருக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும், விசாரணைக்கு ஆள் வருவார்கள். அப்பா இறந்த தேதி வரைக்குமான வருமானத்துக்கு வரி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால் வாரிசு என்ற முறையில் நீங்கள் செய்ய வேண்டும். வீட்டில் கடன் தவணை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான். மற்ற எதுவும் ஓடிப்போகாது.

ஆனால் தள்ளிப்போடுவது வேறு, நிதானம் வேறு. எங்கள் கிளையில் ஒருவர், மனைவி பெயரிலிருந்த வைப்புத்தொகையைத் தொட மனசில்லாமல் இரண்டு வருஷம் கிளைக்கே வரவில்லை. அதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் அவள் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். அந்த மனசு எனக்குப் புரிந்தது. இருந்தாலும் அதற்குள் முதிர்வு தேதி தாண்டி வட்டி நட்டம். கெடு உள்ள காரியத்தைத் தள்ளுவதும், கெடு இல்லாத காரியத்துக்குப் பறப்பதும் ஒரே துக்கம் எடுக்கும் இரண்டு வேஷம்.

இனி வீடு. இதில்தான் நான் உங்களைக் கொஞ்சம் அதட்டப் போகிறேன். "வீட்டை விற்கலாமா என்று யோசிக்கிறேன்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடு அப்பா சம்பாதித்துக் கட்டியது, உயில் இல்லை. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமமாக மூன்றில் ஒன்று. அப்பாவின் அம்மா இருந்திருந்தால் அவருக்கும் சேர்த்து நான்கு பங்காகியிருக்கும். பெரியப்பாவுக்கு அதில் பங்கு கிடையாது, அபிப்பிராயம் மட்டும் உண்டு. அவர் நல்லெண்ணத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அட்வான்ஸ் என்று ஒரு தொகையைக் கையில் வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டால், பிறகு "அம்மாவுக்கு விருப்பமில்லை" என்று பின்வாங்குவது வழக்கில் போய் நிற்கலாம். வாங்க ஆள் ரெடி என்பது உங்களுக்குக் கெடு ஆகாது. கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கு அடுத்த வருஷமும் ஆள் வருவான்.

தங்கை விஷயமும் இதில் அடக்கம். "எனக்கு எதுவும் வேண்டாம் அண்ணா, அம்மாவைப் பார்த்துக்கோ" என்று அழுதுகொண்டே சொன்னாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையை நம்பி, அவள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயார் செய்துவிடாதீர்கள். அது அவள் அப்பாவுக்காக அழுத அழுகை, சொத்துக் கணக்கு அதில் இல்லை. அதேபோல, "என் பங்கையும் உன் பேருக்கே எழுதிடறேன்டா" என்று அம்மா சொன்னால், இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். பதிவு அலுவலகத்தில் செட்டில்மெண்ட், அதாவது பங்கை உங்கள் பெயருக்கு மாற்றும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டால் திருப்புவது பெரும்பாடு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 ஒரு வழி வைத்திருக்கிறது, பராமரிப்பேன் என்ற நிபந்தனையின் பேரில் எழுதியிருந்தால், அதை மீறும்போது ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் மகனை எதிர்த்து மனு போடுகிற நிலைக்கு எந்த அம்மாவும் போகக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன். உங்களைச் சந்தேகப்படவில்லை. நல்ல பிள்ளைகளின் வீட்டில்தான் பத்திரத்தை நிதானமாக எழுத முடியும்.

ஒவ்வொரு யோசனையையும் இந்தக் கேள்வியில் போட்டுப் பாருங்கள்: ஆறு மாதம் கழித்து மனசு மாறினால் பழைய இடத்துக்குத் திரும்ப வர என்ன செலவாகும்? வீட்டைப் பூட்டி வைத்தால் செலவு கொஞ்சம் தூசும் கரண்ட் பில்லும். மாடியை வாடகைக்கு விட்டால் ஒரு நோட்டீஸ். விற்றுவிட்டால்? அந்தத் தெருவில் அந்த விலைக்கு உங்களால் திரும்ப வாங்கவே முடியாது. வேலையையும் இதே கேள்வியில் போடுங்கள். ராஜினாமாக் கடிதத்துக்கு முன் விடுப்பு இருக்கிறது, சம்பளமில்லாத விடுப்பு இருக்கிறது, மாதத்தில் பத்து நாள் ஊரிலிருந்து வேலை செய்யக் கேட்கலாம். மேலாளரிடம் கேட்டு இல்லை என்று சொன்ன பிறகு யோசிக்கலாமே. நீங்கள் கேட்கவே இல்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. அப்பா இருக்கும்போது பக்கத்தில் இல்லையே என்ற குற்ற உணர்ச்சி உங்கள் ராஜினாமாவை எழுதிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அந்தக் கடனை அம்மாவிடம் வந்து அடைக்கப் பார்க்கிறீர்கள். அம்மா அதைக் கேட்டாரா?

உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. "அம்மாவைத் தனியாக விட முடியாது" என்று மூன்று இடத்தில் இருக்கிறது. மனைவியைப் பற்றி "அவள் எதுவும் சொல்லவில்லை" என்ற ஒரே வரி. அவர் எதுவும் சொல்லாதது சம்மதம் ஆகாது தம்பி, நீங்கள் அழுது முடிக்கக் காத்திருக்கிறார். நாலாவது படிக்கும் உங்கள் மகளின் பள்ளிக்கூடமும் இதில் இருக்கிறது.

அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போவதானால், "வந்து இருந்துவிடு" என்று கூப்பிடாதீர்கள். ஒரு மாதத்துக்குக் கூப்பிடுங்கள், திரும்பி வர ரயில் டிக்கெட்டை அவர் கண் முன்னாலேயே போடுங்கள். அந்த டிக்கெட் கையில் இருந்தால்தான் அவரால் உங்கள் வீட்டில் விருந்தாளியாக இல்லாமல் நிம்மதியாக இருக்க முடியும். கும்பகோணத்தில் அவருக்கு என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பால்காரர், பேர் சொல்லிக் கூப்பிடும் டாக்டர், சாயங்காலம் சாரங்கபாணி கோயிலுக்குச் சேர்ந்து போகும் எதிர்வீட்டு அம்மா, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற அடுப்படி. சென்னையில் மூன்றாவது மாடி, லிஃப்ட், பேரக் குழந்தை. பேரக் குழந்தை பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதுவும் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய்விடும். ஒரு மாதம் இருந்து பார்த்தால் இந்தத் தராசு எப்படி நிற்கிறது என்று அவருக்கே தெரியும். திரும்பி வந்து ஒரு மாதம் ஊரில் தனியாக இருந்தும் பார்க்கட்டும். பயந்தால் அப்போது பேசுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நாமினி அம்மா என்றால், உரிய காகிதம் எல்லாம் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி கணக்கை முடித்துத் தர வேண்டும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர்தான், வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது. ஆகவே தங்கையிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். பணம் வந்ததும் அம்மா பெயரில் ஒரு வருஷ வைப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். வட்டி அரை சதவீதம் குறைந்தால் குறையட்டும், அது இந்த ஒரு வருஷ நிம்மதிக்குக் கொடுக்கும் விலை. வங்கி நொடித்துப்போனால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் என்பதையும் நினைவில் வையுங்கள், சின்ன வங்கி, கூட்டுறவு வங்கி என்றால் பிரித்துப் போடுங்கள்.

அந்த 14 லட்சத்தைப் பற்றிப் பேச இரண்டு முறை வந்தவரிடம் ஜாக்கிரதை. ஓர் அம்மாள், கணவர் போன இரண்டாம் மாதம், "எஃப்.டி. மாதிரிதான்" என்று ஒருவர் சொன்னதை நம்பி 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் இன்னொரு 5 லட்சம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோதுதான் அது வருஷா வருஷம் பிரீமியம் கட்டும் காப்பீடு என்று தெரிந்தது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க இப்போது சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் துக்க வீட்டில் உறையைப் பிரிப்பதற்கே 30 நாள் ஆகிவிடும். காகிதம் கொண்டுவந்த அன்றே யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று வீட்டில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். "பையனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று அம்மா சொல்லட்டும், "தங்கையிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட "எப்படி" என்பதற்கு நான் வைத்திருக்கும் ஒரே உத்தி ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு யோசனை வந்தால் தேதி, நேரம், அன்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், யோசனை என்ன, ஏன், இவ்வளவும் எழுதுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். பதினைந்து நாள் கழித்துப் பகலில், சாப்பிட்ட பிறகு எடுத்துப் படியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியதெல்லாம் ஒரு குரலிலும், காலையில் எழுதியதெல்லாம் வேறு குரலிலும் இருப்பது உங்களுக்கே தெரியும். மூன்று மாதம் கழித்தும் காலைக் குரலில் ஒரே யோசனை திரும்ப வந்தால், அதை நம்பலாம். என் அம்மா போனபோது நான் இதைச் செய்தேன். முதல் மாதத்தில் எழுதிய ஏழு யோசனைகளில் ஆறு மாதம் கழித்து நின்றவை இரண்டு.

தூக்கம் என்றதும் ஒன்று. நாற்பது நாளில் அழுகை வருவதும், சாப்பாடு இறங்காததும் இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் மூன்று மணி நேரத் தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. அம்மாவையும் கவனியுங்கள். அழாமல் வேலை செய்துகொண்டே இருக்கும் ஆட்களை நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

திங்கள்கிழமை ஊரில்தான் இருப்பீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு காலை பத்தரைக்குள் கருவூலத்துக்குப் போய்விடுங்கள். அப்பாவின் பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) புத்தகம், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், புகைப்படம் எல்லாவற்றிலும் அசலும் ஐந்து நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா இரண்டு. கூட்டமாக இருந்தால் அம்மா உட்கார இடம் பார்த்துவிட்டு நீங்கள் வரிசையில் நில்லுங்கள். அவர் கையெழுத்தை அவரே போடட்டும்.